வீட்டுக் கணக்கு: வெந்நீருக்கு எந்த வழி நல்லது?

நம் நாட்டில் வீட்டைச் சூடாக்க யாரும் காசு செலவழிப்பதில்லை. அந்த வேலையைத் தகரக் கூரையும் பகல் வெயிலும் இலவசமாகவே பார்த்துக்கொள்கின்றன. குளிர் தேசத்துக்காரர்கள் வீடு கட்டும்போதே சூட்டுக்கு என்ன வழி என்று யோசிப்பார்களாம். நமக்கு அந்தக் கவலை இல்லை. கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்தில் இருக்கும் வாசகர்கள் இதைப் படித்துவிட்டு, "எங்களை மறந்துவிட்டாரே" என்று கோபித்துக்கொள்ள வேண்டாம். உங்களிடம் பிறகு வருகிறேன்.

ஆனால் வெந்நீர் என்று ஒன்று இருக்கிறதே, அது இல்லாமல் நம் வீட்டில் எந்தக் காரியம் நடக்கிறது? பிள்ளை பெற்றவளுக்கு வெந்நீர். பச்சைக் குழந்தைக்கு வெந்நீர். தீபாவளி விடியற்காலையில் எண்ணெய் தேய்த்த தலைக்கு வெந்நீர். முட்டி வலிக்கிறது என்று முனகும் பாட்டிக்கு வெந்நீர். பால்மரம் சீவப் போய் மழையில் மாட்டிக்கொண்டு நடுங்கியபடி வருகிறவருக்கும் வெந்நீர்தான் வேண்டியிருக்கிறது. இதைப் போட இன்று எத்தனையோ வழி வந்துவிட்டது. எது நம் வீட்டுக்கு ஒத்துவரும், எதில் ஆபத்து இருக்கிறது என்பதைத்தான் இம்மாதம் பேசப் போகிறேன்.

நான் தோட்டத்து ரப்பர் ஆலையில் எஞ்சின் அறைப் பையனாகச் சேர்ந்து, பிறகு வயர்மேனாக இருபது வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவன். ஆகவே கரண்டைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகவே பேசிவிடுவேன். பொறுத்துக்கொள்ளுங்கள். காரணம் இருக்கிறது.

நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் லயத்தில் வெந்நீர் என்றால் பின்கட்டில் மூன்று கல், அதன்மேல் கரி பிடித்த அண்டா, கீழே ரப்பர் விறகு. விடியற்காலை நாலு மணிக்கு அம்மா எழுந்து ஊதத் தொடங்கினால் பெரட்டுக்குப் போகும் நேரத்துக்குத் தண்ணீர் சூடாகும். கரண்டு மாலையில் வரும், இரவு பத்து மணிக்குப் போய்விடும். அந்த நாலு மணி நேரக் கரண்டில் விளக்கு எரிந்தால் போதாதா? அதில் தண்ணீர் காய்ச்சலாம் என்று எவனாவது சொல்லியிருந்தால் பைத்தியம் என்றிருப்போம்.

விறகு அடுப்பு மோசம் என்று நான் சொல்லமாட்டேன். விறகு கிடைக்கிற இடத்தில், வெளியில் நல்ல காற்றோட்டமான கொட்டகையில், அது இன்றும் நல்ல வழிதான். செம்பனைத் தோட்டத்தில் காய்ந்த மட்டைக்குப் பஞ்சமே இல்லை. அது குபீரென்று பிடித்துச் சீக்கிரம் அடங்கிவிடும். பக்கத்திலேயே நின்று தள்ளிக்கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். அடுப்பில் வந்த ஆபத்தைவிட, அடுப்பிலிருந்து குளியலறைக்குத் தூக்கிப் போனதில் வந்த ஆபத்துதான் அதிகம். கொதிக்கிற அண்டாவை இரண்டு கந்தல் துணியால் பிடித்துக்கொண்டு, ஈரச் சிமிண்டுத் தரையில், குறுக்கே குழந்தைகள் ஓடும் வீட்டில் நடக்கிறோம். என் சின்னத் தம்பியின் தோளிலும் முதுகிலும் இருக்கும் தழும்பு அப்படி வந்ததுதான். அன்று அவனுக்கு மூன்று வயது. இன்று அவனுக்குப் பேரன் இருக்கிறான்; தழும்பு அப்படியே இருக்கிறது.

அதனால் அண்டா வைப்பவர்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். அண்டாவை நகர்த்தாதீர்கள். குளியலறையில் வாளியில் முதலில் பச்சைத் தண்ணீரை ஊற்றி வையுங்கள். சுடுநீரை மூடி போட்ட சின்னக் கெண்டியில் கொஞ்சம் கொஞ்சமாகக் கொண்டுபோய் அதில் கலக்குங்கள். முதலில் சுடுநீர், பிறகு பச்சைத் தண்ணீர் என்று மாற்றிச் செய்தால், நாம் குழாயைத் திறக்கத் திரும்பும் நேரத்தில் குழந்தை வாளியில் கையை விட்டுவிடும்.

இங்கே ஒரு கணக்குச் சொல்கிறேன். இதைப் பிடித்துக்கொண்டால் கடைக்காரர் சொல்வதில் எது உண்மை, எது வாய்ஜாலம் என்பது உங்களுக்கே தெரிந்துவிடும். நம் கீழ்நாட்டுக் குழாய்த் தண்ணீர் சுமார் 27 பாகை சூட்டில் வருகிறது. இதமான குளியலுக்கு 39 பாகை போதும். அதாவது 12 பாகைதான் ஏற்ற வேண்டும். 20 லிட்டர் வாளி ஒன்றுக்கு அந்தச் சூட்டை ஏற்றக் கால் யூனிட்டுக்குக் கொஞ்சம் கூடுதலாக, 0.28 யூனிட் மின்சாரம் செலவாகும். கொதித்த தண்ணீராகக் கலப்பதென்றால் மூன்றரை லிட்டருக்குக் கொஞ்சம் குறைவு. மீதி பச்சைத் தண்ணீர். இரண்டு முறை மின்சாரக் கெட்டிலில் கொதிக்க வைத்தால் ஒரு வாளிக் குளியல் தயார்.

இந்த 0.28 யூனிட் எந்தக் கருவிக்கும் பொது. நூறு வெள்ளிக் கருவியாக இருந்தாலும் ஆயிரம் வெள்ளிக் கருவியாக இருந்தாலும், அதே தண்ணீரை அதே சூட்டுக்குக் கொண்டுவர, மின்கம்பி போட்டுச் சூடாக்கும் கருவிக்கு அதே மின்சாரம்தான் வேண்டும். "எங்கள் ஹீட்டர் பாதிக் கரண்டில் அதே சூடு கொடுக்கும்" என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு அடுத்த கடைக்குப் போங்கள்.

அப்படியானால் பில் ஏன் வீட்டுக்கு வீடு மாறுகிறது? தண்ணீரின் அளவில்தான் இருக்கிறது சூட்சுமம். சுவரில் மாட்டும் உடனடி ஹீட்டர் பெரும்பாலும் 3.6 கிலோவாட். அதில் பத்து நிமிடம் நின்று குளித்தால் 0.6 யூனிட். வாளிக் குளியலைப் போல் இரண்டு மடங்கு. ஐந்து பேர் உள்ள வீட்டில் தலைக்குப் பத்து நிமிடம், தினம் ஒரு வேளை என்றால் மாதத்துக்கு 90 யூனிட். உங்கள் போன மாதப் பில்லை எடுத்து மொத்தம் எத்தனை யூனிட் என்று பாருங்கள். அதன்மேல் இந்த 90ஐ ஏற்றிப் பார்த்துவிட்டுப் பிறகு கடைக்குப் போங்கள். வயசுப் பிள்ளைகள் பத்து நிமிடத்தில் வெளியே வருவார்களா என்பதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். என் வீட்டில் வருவதில்லை.

சரி, கேஸ் அடுப்பில் காய்ச்சினால்? பாத்திரத்தைச் சுற்றிப் பாதிச் சூடு வீணாகப் போனாலும், ஒரு 14 கிலோ சிலிண்டரை இதற்கென்றே வைத்தால் சுமார் முந்நூறு வாளிக் குளியலுக்கு வரும். மூடி போட்டுக் காய்ச்சினால் இன்னும் கொஞ்சம் கூடும். வெந்நீர் எப்போதாவதுதான் தேவை, பிள்ளைக்கும் பாட்டிக்கும் மட்டும்தான் என்கிற வீட்டுக்கு இதைவிடச் சிக்கனமான வழி எனக்குத் தெரியவில்லை. புதிதாக எதையும் வாங்க வேண்டாம், சுவரில் ஓட்டை போட வேண்டாம்.

கேஸில் இயங்கும் உடனடி ஹீட்டரும் கடைகளில் கிடைக்கிறது. அது வேறு விஷயம். அதைக் குளியலறைக்கு உள்ளே மாட்டவே கூடாது. கதவும் சன்னலும் மூடிய சின்ன அறையில் நெருப்பு எரிந்தால் காற்றில் உள்ள பிராணவாயு குறையும். கார்பன் மோனாக்சைடு என்ற விஷ வாயு உண்டாகும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தலை கனக்கும், தூக்கம் வரும், குளிப்பவர் அப்படியே சரிந்துவிடுவார். கேஸ் ஹீட்டர்தான் வேண்டுமென்றால் அது வெளிச்சுவரில், திறந்த வெளியில் இருக்க வேண்டும். குழாய் மட்டும் உள்ளே வர வேண்டும்.

இதைச் சொல்லும்போதே இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். பிள்ளை பெற்றவளுக்கும் குழந்தைக்கும் குளிர் ஆகாது என்று அறையைச் சாத்திக்கொண்டு கரிச்சட்டியில் தணலை வைத்துவிட்டுத் தூங்கப் போகும் பழக்கம் சில வீடுகளில் இன்னும் இருக்கிறது. அந்தத் தணலிலிருந்து வருவதும் அதே விஷ வாயுதான். சாம்பிராணி போடுகிறீர்களா, போடுங்கள். சன்னலைத் திறந்து வைத்துப் போடுங்கள். போட்டு முடித்ததும் சட்டியை வெளியே கொண்டுபோய் விடுங்கள். பாட்டிமார்கள் என்மேல் வருத்தப்படக் கூடாது. அந்தக் காலத்து லயத்தில் பலகை இடுக்கிலும் கூரை இடுக்கிலும் காற்று வந்துகொண்டே இருந்தது. இந்தக் காலத்துக் கல்வீட்டில் அப்படி வராது.

இப்போது மின்சார ஹீட்டருக்கு வருவோம். இதில்தான் அதிகம் பேர் மாட்டிக்கொள்கிறார்கள்.

இரண்டு வகை உண்டு. ஒன்று, தண்ணீர் ஓட ஓடச் சூடாக்கும் உடனடி ஹீட்டர். மற்றொன்று, 15 லிட்டர், 30 லிட்டர் என்று தொட்டியில் சூடாக்கி வைத்துக்கொள்ளும் தொட்டி ஹீட்டர். உடனடி வகை விலை குறைவு, இடம் அடைக்காது, கழற்றிக்கொண்டு போகவும் சுலபம். 3.6 கிலோவாட்டில் நிமிடத்துக்கு நாலு லிட்டருக்குச் சற்று மேல் இதமான தண்ணீர் தரும். அதைவிட வேகமாகத் திறந்தால் சூடு குறையும். குளிக்க அது போதும். ஆனால் தண்ணீர் ஓட்டம் ஓரளவு இல்லாவிட்டால் கருவி இயங்கவே இயங்காது. உள்ளே தண்ணீர் இல்லாமல் கம்பி எரிந்துவிடக் கூடாது என்பதற்காகவே அப்படிச் செய்திருக்கிறார்கள். தோட்டங்களிலும், அடுக்குமாடியின் மேல்தளங்களிலும் குழாய் நூல் போல வருகிறதே, அங்கே வெறும் ஹீட்டரை வாங்கி மாட்டிவிட்டு "கெட்டுப்போன சாமானைத் தலையில் கட்டிவிட்டான்" என்று கடைக்காரனைத் திட்டுகிறோம். கெட்டுப் போகவில்லை, தண்ணீர் போதவில்லை. வாங்குமுன் குளியலறைக் குழாயைத் திறந்து, ஒரு நிமிடத்தில் எத்தனை லிட்டர் வாளியில் விழுகிறது என்று பாருங்கள். கூட்டமாக எல்லாரும் குளிக்கிற காலை நேரத்தில் பாருங்கள், மத்தியானத்தில் அல்ல. மூன்று லிட்டருக்குக் குறைந்தால் உள்ளே சின்னப் பம்பு வைத்த ஹீட்டர்தான் சரி. விலை ஏறக்குறைய இரண்டு மடங்காகும்.

கிணற்றுத் தண்ணீரோ, குழாய்க் கிணற்றின் செம்மண் நிறத் தண்ணீரோ வரும் இடங்களில் ஹீட்டருக்குள் தண்ணீர் நுழையும் வாயில் ஒரு சல்லடை இருக்கும். அதை மாதம் ஒரு முறை கழற்றிக் கழுவ வேண்டும். மெயினை அணைத்துவிட்டுத்தான்.

தொட்டி ஹீட்டரில் தண்ணீர் ஓட்டம் குறைவாக இருந்தாலும் பரவாயில்லை. 30 லிட்டர் தொட்டியை 60 பாகைக்குச் சூடேற்றச் சுமார் 1.15 யூனிட், 2 கிலோவாட் கம்பியில் முப்பத்தைந்து நிமிடம் ஆகும். அதைப் பச்சைத் தண்ணீரோடு கலந்தால் நாலு வாளி இதமான தண்ணீர் கிடைக்கும். குளிக்குமுன் போட்டு, சூடானதும் அணைத்துவிட்டால் பில் அதிகம் ஏறாது. நாள் முழுக்க எரியவிட்டால் யாரும் குளிக்காத நேரத்திலும் சூடு வெளியேறிக்கொண்டே இருக்கும், அதை ஈடுகட்டக் கரண்டு ஓடிக்கொண்டே இருக்கும். தொட்டியின் அடியில் ஒரு பாதுகாப்பு வால்வு உண்டு. சூடேறும்போது அதில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் வடிவது இயல்பு. தரை ஈரமாகிறது என்று அதை அடைத்துவிட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். அடைக்காதீர்கள், உள்ளே அழுத்தம் ஏறினால் தொட்டி வெடிக்கும்.

கேமரன் மலை வாசகர்களே, உங்களுக்குத் தொட்டி வகைதான். இரவில் 15 பாகை வரை இறங்கும் ஊரில் குழாய்த் தண்ணீர் 18 பாகையில் வந்தால், 3.6 கிலோவாட் உடனடி ஹீட்டர் நிமிடத்துக்குச் சுமார் இரண்டரை லிட்டர்தான் சூடாகத் தரும். பல் துலக்கத்தான் ஆகும். தொட்டியிலும் கீழ்நாட்டில் கிடைக்கும் நாலு வாளி உங்களுக்கு மூன்று வாளிதான். யூனிட்டும் ஒன்றரைக்கு அருகில் போகும். ஆகவே குடும்பத்தைப் பார்த்துப் பெரிய தொட்டியாக வாங்குங்கள்.

இனி, நான் ஆரம்பத்தில் காரணம் இருக்கிறது என்றேனே, அதைச் சொல்கிறேன்.

என் தங்கை தோட்டத்தைவிட்டு வந்து தாமானில் மலிவு விலை வீடு ஒன்றில் இருக்கிறாள். 1980களில் கட்டிய வீடு. முப்பது வருடம் பால் வாளி தூக்கிய முட்டி; காலையில் மடக்க முடியாது. அவள் மூத்த மகன் வேலைக்குப் போய் முதல் சம்பளத்தில் அம்மாவுக்கென்று ஒரு ஹீட்டர் வாங்கி வந்தான். பட்டணத்தில் ஒரு கடையில், "மாட்டித் தருவது இலவசம்" என்று எழுதியிருந்ததாம். வந்தவர் குளியலறைச் சுவரில் துளை போட்டு, வெளியே சலவை இயந்திரத்துக்கு இருந்த சாதாரண 13 ஆம்பியர் பிளக்கில் செருகிவிட்டுப் போனார். அரை மணி நேர வேலை.

சில நாளில் ஹீட்டருக்குள் இருக்கும் பாதுகாப்பு சுவிட்ச் அடிக்கடி விழத் தொடங்கியது. அதே ஆளைக் கூப்பிட்டார்கள். அவர் மூடியைத் திறந்து அந்தச் சுவிட்சைத் தொடாமல் கம்பியை நேராக இணைத்துவிட்டு, "இனி விழாது" என்றார். உண்மைதான், விழவில்லை.

நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். பேச்சோடு பேச்சாகத் தங்கை சொன்னாள்: "அண்ணே, அந்தச் சுடுதண்ணியில நின்னா கை காலெல்லாம் விறுவிறுன்னு ஒரு மாதிரி இழுக்குதுண்ணே. முட்டிக்கு நல்லதோ என்னவோ." எனக்கு நெஞ்சு அடைத்துவிட்டது. "எத்தன நாளா?" என்றேன். இரண்டு வாரமாம். "ஏம்மா யாருகிட்டயும் சொல்லல?" என்று கேட்டதற்கு அவள் மெல்லச் சொன்னாள்: "புள்ள மொத சம்பளத்துல வாங்கிக் குடுத்தது. கோளாறுன்னு சொன்னா அவன் மனசு கஷ்டப்படுமேன்னுதான்."

மெயினை அணைத்துவிட்டுப் பார்த்தேன். பிளக்கின் கால் பழுப்பேறி உருகியிருந்தது. 3600 வாட்டை 230 வோல்ட்டால் வகுத்துப் பாருங்கள், ஏறக்குறைய 15.7 ஆம்பியர் வரும். 13 ஆம்பியர் பிளக் அதை எத்தனை நாள் தாங்கும்? மெயின் பெட்டியில் இருந்த ஈ.எல்.சி.பி.யின் சோதனைப் பொத்தானை அமுக்கினேன், அது விழவில்லை. வீடு கட்டிய காலத்தில் வைத்தது. எப்போது செத்ததோ, யாரும் அமுக்கிப் பார்த்ததே இல்லை. பின்பக்கம் போய் எர்த் கம்பியைப் பார்த்தேன். இணைப்பு துருப்பிடித்து, விரல் பட்டதும் ஆடியது. ஒன்று போனால் இன்னொன்று காப்பாற்றும் என்று வைத்த மூன்று காவலும் போய்விட்டன. அவள் பிழைத்திருந்ததற்குக் காரணம், அவள் நின்ற இடத்தில் ஒரு ரப்பர்ப் பாய் கிடந்தது. வழுக்காமல் இருக்க அவளே வாங்கிப் போட்டது. ஹீட்டரில் கசிவு இன்னும் கொஞ்சம் கூடியிருந்தால் அதுவும் உதவியிருக்காது.

மச்சான் பட்டணத்துக் கடைக்குப் போய்ச் சண்டை போட்டார். மூடியைத் திறந்துவிட்டதால் உத்தரவாதம் செல்லாது என்று சொல்லிவிட்டார்களாம். திறந்தவர் அவர்கள் ஆள்தான். சரி, அதை விடுங்கள்.

ஆகவே வாசகர்களே, ஹீட்டர் வாங்கப் பணம் சேர்க்கும்போது கருவிக்கு மட்டும் சேர்க்காதீர்கள். வயரிங்குக்கும் சேருங்கள். சில வீட்டில் அந்தச் செலவு ஹீட்டர் விலையையே தொட்டுவிடும். மெயின் பெட்டியிலிருந்து ஹீட்டருக்கென்று தனி வயர், 4 சதுர மில்லிமீட்டர் கனத்தில் வர வேண்டும். அதற்கென்று 20 ஆம்பியர் பிரேக்கர் வேண்டும். குளியலறைக்கு வெளியே, இரண்டு கம்பியையும் சேர்த்துத் துண்டிக்கும் 20 ஆம்பியர் சுவிட்ச் வேண்டும். எர்த் கம்பி உயிரோடு இருக்கிறதா என்று மீட்டர் வைத்துப் பார்க்க வேண்டும். முக்கியமாக, கசிவைக் கண்டு துண்டிக்கும் சுவிட்ச் 10 மில்லி ஆம்பியர் அளவில் இருக்க வேண்டும். நம் நாட்டின் 1994ஆம் ஆண்டு மின்சார விதிமுறைகளே தரை ஈரமாகும் இடத்துக்கு அந்த 10 மில்லி ஆம்பியர் அளவைத்தான் சொல்கின்றன. வீட்டு மெயினில் இருப்பது பெரும்பாலும் 100 மில்லி ஆம்பியர். அது வீடு தீப்பிடிக்காமல் பார்க்கும்; ஈர உடம்போடு நிற்கும் ஆளுக்கு அதை நம்பக் கூடாது.

அந்தச் சுவிட்ச் எப்படி வேலை செய்கிறது என்பதையும் கேளுங்கள். ஒரு கம்பியில் போகும் கரண்டு மற்றக் கம்பியில் முழுதாகத் திரும்பி வர வேண்டும். வழியில் கொஞ்சம் தண்ணீரிலோ உடம்பிலோ ஒழுகினால் கணக்குக் குறையும். குறைந்த நொடியே அது விழும். அதனால்தான் அடிக்கடி விழும் சுவிட்சைத் தொந்தரவு என்று நினைக்கக் கூடாது. இடி மின்னலில் ஒருமுறை விழுந்தால் திரும்பப் போட்டுக்கொள்ளலாம். ஹீட்டரைப் போடும்போதெல்லாம் விழுந்தால் கசிவு இருக்கிறது, ஹீட்டரைத் தொடாதீர்கள். மாதம் ஒரு முறை, சம்பள நாள் என்று வைத்துக்கொள்ளுங்களேன், சோதனைப் பொத்தானை அமுக்குங்கள். டக்கென்று விழ வேண்டும். விழாவிட்டால் அன்றே வயர்மேனைக் கூப்பிடுங்கள். எரிசக்தி ஆணையமான சுருஹான்ஜாயா தெனாகா கொடுத்த தகுதிச் சான்றிதழ் அவரிடம் இருக்கிறதா என்று கேட்க வெட்கப்பட வேண்டாம். ஹீட்டரிலும் சிரிம் முத்திரை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

வாளிக்குள் போட்டுச் சூடாக்கும் வெந்நீர்க் கம்பி என்று ஒன்று மலிவாகக் கிடைக்கிறது. என் வீட்டுக்குள் அதை விடமாட்டேன். சொன்னதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

தோட்ட வீட்டில் இருப்பவர்களுக்கு இன்னொரு யோசனை. வீடு கம்பெனியுடையது. தொழிலாளர் வீட்டு வசதி பற்றிய 1990ஆம் ஆண்டுச் சட்டப்படி வீட்டைப் பழுதில்லாமல் வைத்திருக்க வேண்டியது முதலாளியின் கடமை. ஆகவே ஹீட்டர் மாட்டுமுன் ஆபீசில் எழுதிக் கேளுங்கள். அப்படிக் கேட்கும்போதே மெயின் பெட்டியையும் எர்த்தையும் பார்த்துத் தரும்படி சேர்த்து எழுதுங்கள். பல லயங்களில் வயரிங் விளக்குக்கும் விசிறிக்கும் என்று போட்டது; நாலு வீடு ஒரே நேரத்தில் ஹீட்டர் போட்டால் தாங்காது. வேலை முடிந்து வீட்டைக் காலி செய்யும் நாள் ஒன்று வரும். தொட்டி ஹீட்டரைவிடச் சின்ன உடனடி ஹீட்டரைக் கழற்றிக்கொண்டு போவது சுலபம் என்பதையும் நினைவில் வையுங்கள்.

கூரையில் வைக்கும் சூரிய வெந்நீர்க் கருவி நல்ல சாமான்தான். வெயிலுக்குப் பில் இல்லை. ஆனால் விலை பல ஆயிரம் வெள்ளி. 200 லிட்டர் தண்ணீர் என்றாலே 200 கிலோ பாரம். தொட்டியின் பாரம் தனி. லயத்துக் கூரையும் மலிவு விலை வீட்டுக் கூரையும் அதற்காகக் கட்டியவை அல்ல. சொந்த வீடு, பெரிய குடும்பம், கூரையைப் பார்த்துச் சொல்ல ஆள் இருக்கிறது என்றால் யோசிக்கலாம். மற்றவர்களுக்கு நான் ஏழையின் சூரியக் கருவி ஒன்று சொல்கிறேன். கறுப்பு நிற பிளாஸ்டிக் டிரம் ஒன்றில் காலையில் தண்ணீர் நிரப்பி வெயிலில் வையுங்கள். நல்ல வெயில் நாளில், வெட்டு முடிந்து வருகிறவர் குளிக்கும் நேரத்துக்கு அது இதமாக இருக்கும். இறுக்கமாக மூடி வையுங்கள், இல்லாவிட்டால் ஏடிஸ் கொசு குடியேறிவிடும். தோட்டத்தில் கிடைக்கும் பழைய மருந்து டிரம்மை மட்டும் எடுத்துவிடாதீர்கள். எத்தனை முறை கழுவினாலும் அது மருந்து டிரம்தான்.

இனிப்பு நீர் உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை. நம்மவர்களில் அந்த நோய் அதிகம். கால் மரத்துப்போனவர்களுக்குச் சூடு தெரியாது. காலைத் தண்ணீரில் வைத்து "இன்னும் சூடு போதாது" என்பார்கள், தோல் வெந்திருக்கும். அவர்களுக்கு வீட்டில் வேறொருவர் முழங்கையை விட்டுப் பார்த்து ஊற்ற வேண்டும். குழந்தைக்கும் அப்படியே. தொட்டியிலிருந்து வரும் 60 பாகைத் தண்ணீர் சில நொடியில் பெரியவர் தோலையே வேக வைத்துவிடும்.

உங்கள் வீட்டுக்கு எது என்று கேட்டு எழுத விரும்புகிறவர்கள், வீடு யாருடையது, எத்தனை பேர், காலை நேரத்தில் குழாயில் நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் விழுகிறது, சோதனைப் பொத்தானை அமுக்கியபோது என்ன ஆயிற்று என்ற நான்கையும் சேர்த்து எழுதுங்கள். வெறுமனே "எந்தக் கம்பெனி நல்லது" என்று கேட்டால் என்னால் சொல்ல முடியாது.

தங்கை வீட்டில் பிறகு தனி வயர் போட்டோம். புது எர்த், புதுச் சுவிட்ச், வேறு ஹீட்டர். பாதிச் செலவு நான், பாதி மருமகன். இரண்டு வாரம் அம்மா வாய் திறக்கவில்லை என்பது தெரிந்தபோது அவன் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டான். இப்போது ஹீட்டர் நன்றாகத்தான் ஓடுகிறது. ஆனால் அவன் ஊரிலிருந்து வருகிற நாளில்தான் அவள் அதில் குளிக்கிறாள். மற்ற நாளில் இரண்டு கெட்டில் தண்ணீர், ஒரு வாளி.